ஊர் மக்களோடு சேர்ந்து வறுமை ஒழிப்புத் திட்டம் போடுவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஊராட்சி ஆண்டுதோறும் போடும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஊரின் ஏழைக் குடும்பங்களுக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கும் மகளிர் குழு நிர்வாகிகள், வார்டு உறுப்பினர்கள், இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கிராம சபை நாளன்றுதான் வேலையையே தொடங்குகிறார்கள். அன்றைக்கு மைக் முன்னால் நிற்பவர்கள் எப்போதும் நிற்கும் அதே ஏழெட்டுப் பேர்தான். தெருவிளக்கு, ரோடு, சாக்கடை என்று தீர்மானம் எழுதி முடித்துவிடுவார்கள்.

சபைக்கு முன்னால் குறைந்தது மூன்று மாத வேலை இருக்கிறது. திட்டம் அக்டோபர் 2 சபைக்கு வர வேண்டுமானால் ஜூன் கடைசியிலாவது தொடங்கிவிடுங்கள்.

1. உங்கள் ஊர் ஊராட்சியா, பேரூராட்சியா?

சிரிக்க வேண்டாம், குமரியில் இது நிஜமான கேள்வி. வாழைத்தோப்பும் ஏலா என்னும் வயல்வெளியும், நடுநடுவே விளை என்னும் தோட்ட நிலங்களில் வீடுகளுமாக இருக்கும் இடம் பார்ப்பதற்குக் கிராமம், காகிதத்தில் பேரூராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்து மக்களில் சுமார் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தார் என்று பதிவானது இதனால்தான். 9 ஒன்றியங்களுக்கும் சேர்த்து கிராம ஊராட்சிகள் 95தான்.

கிராம சபை ஊராட்சிக்கு மட்டுமே உரியது. பேரூராட்சியிலும் நகராட்சியிலும் கவுன்சிலரையும் வார்டுக்குள் நடக்கும் பகுதி சபையையும் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் பேரூராட்சியில் கிடையாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி என்று பிரிந்த ஊர்கள் இங்கே நிறைய. இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாக உட்கார வைத்து, அந்தத் திட்டத்தில் மாட்டுத் தொழுவம் கட்டலாம் என்று பேசினால் பாதிப் பேர் ஏமாந்துபோவார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களைப் பார்க்க முடியாது.

வீட்டு வரி ரசீதைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கீழே சொல்வது ஊராட்சியை மனதில் வைத்துத்தான் என்றாலும், 3 முதல் 7 வரையுள்ள படிகள், ஊரக வேலைத் திட்டப் பேச்சைத் தவிர, பேரூராட்சிக்கும் பொருந்தும்.

2. ஆளைக் கூட்டும் முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

முதல் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "மக்களே, போன வருஷமும் வந்து எழுதிட்டுப் போனீங்களே, அது என்னாச்சு?" இதற்குப் பதில் இல்லையென்றால் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

எனவே போன ஆண்டின் ஊராட்சித் திட்டத்தை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி வாரியாக அங்கே இருக்கும். எந்தப் பணி முடிந்தது, எது தொடங்கவே இல்லை என்று ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். கூடவே ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கும் வாக்காளர் பட்டியலும் வேண்டும். கிராம வறுமை ஒழிப்புச் சங்கமோ மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்போ வைத்திருக்கும் மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று வீடுகளைப் பிரித்த பட்டியல் அது. பழையதாக இருக்கும், பரவாயில்லை.

இன்னொரு தாளை நீங்களே தயாரிக்க வேண்டும். ஊரில் எது யாருடையது என்ற பட்டியல். இந்தக் குளம் ஒன்றியத்துடையதா, நீர்வளத் துறையுடையதா? இந்த ரோடு ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? சானல் (பாசனக் கால்வாய்) கரையில் இருக்கும் வீடுகள் யாருடைய நிலத்தில் நிற்கின்றன? பேச்சிப்பாறைப் பக்கமானால் எது வனத்துறை நிலம், எது அரசு ரப்பர் கழகத்தின் பகுதி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சி செயலரோடு ஒரு மாலை உட்கார்ந்தால் முக்கால்வாசி முடிந்துவிடும். அடுத்தவர் நிலத்தில் வேலை கேட்டு எழுதிய தீர்மானங்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஊர் மக்களுக்கோ, "ஊராட்சி ஏமாற்றிவிட்டது" என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும்.

3. ஊரை அறிந்த பத்துப் பேர்

பெரிய குழு வேண்டாம். பத்துப் பேர் போதும், ஆனால் வெவ்வேறு வீட்டு வாசல் மிதிப்பவர்களாக இருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், ரேஷன் கடை விற்பனையாளர், தபால்காரர் ஆகியோருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தலைவரை விட நன்றாகத் தெரியும். அவர்களில் இருவராவது குழுவில் இருக்கட்டும். மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்து இருவரை எடுங்கள். கூட்டமைப்புகள் தனியாக ஒரு வறுமை ஒழிப்புத் திட்டம் எழுதி ஊராட்சித் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த வேலையும் இந்த வேலையும் இரண்டு தடத்தில் போனால் ஒரே வீட்டைப் பற்றி இரண்டு கணக்கு வரும்.

கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கப் பங்குப் பேரவையையும் அன்பியங்களையும் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) தவிர்த்துவிட்டு எதுவும் நகராது. உள்நாட்டில் ஊர் கோயில் கமிட்டியும் கிறிஸ்தவ சபைகளும் அப்படித்தான். அவர்கள் அறிவிப்பைச் சொல்லட்டும், ஆளைத் திரட்டட்டும். ஆனால் கூட்டத்தை ஆலய வளாகத்திலோ கோயில் கலையரங்கத்திலோ வைக்காதீர்கள். அந்த இடத்துக்கு வரத் தயங்கும் வீடுகள் ஊரில் இருக்கும், பெரும்பாலும் அவைதான் நீங்கள் தேடும் வீடுகள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மரத்தடி, இதில் ஏதாவது ஒன்று போதும்.

4. நேரத்தை வேலைதான் தீர்மானிக்கும்

காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வருகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களும் கட்சிக்காரர்களும்தான். அவர்கள் வருவது தப்பில்லை, ஆனால் திட்டம் அவர்களுக்காகப் போடப்படுவதில்லை.

மலையோர ஊர்களில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்கவே மதியம் ஆகிவிடும். அவர்களுக்கு மூன்று மணிக்கு மேல் சரி. அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) போகும் பெண்கள் சாயங்காலம் திரும்பினால் அடுப்படி காத்திருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகுதான் அவர்கள் கிடைப்பார்கள். மீன் விற்கும் அக்காமார் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய், விற்று, பிற்பகலில்தான் திரும்புவார்கள். ஞாயிறன்று கடலுக்குப் போகாத கத்தோலிக்க மீனவ ஊர்களில் பூசைக்குப் பிந்தைய பகல் பொழுது நல்லது. தோவாளைப் பக்கம் பூக்கட்டும் பெண்களை விசேஷ நாட்களுக்கு முந்தைய வாரத்தில் கூப்பிடவே கூடாது.

தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. அவர்கள் இல்லாமல் வைக்கும் கூட்டம் அரைக் கூட்டம்தான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் அங்கே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கோயில் கொடை வாரமும் பங்குத் திருவிழாவின் பத்து நாட்களும் ஊர் உங்களுடையதல்ல. நாள் குறிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஒரே பெரிய கூட்டத்தை விட, முப்பது நாற்பது வீட்டுக்கு ஒன்றாகச் சிறு கூட்டங்கள் நல்லது. குமரியில் வீடுகள் விளைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடப்பதால் ஒரு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் கூட்டமே பலருக்கு வெளியூர்க் கூட்டம் மாதிரி. சிறு கூட்டத்தில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய கூட்டத்தில் வாய் திறக்காத அம்மா, பக்கத்து வீட்டுக்காரிகள் மட்டும் இருந்தால் பேசுவார்.

5. ஏழை வீட்டை ஊரே அடையாளம் காட்டட்டும்

அவசரப்படக் கூடாத படி இது. குமரிக்கு வசதியான மாவட்டம் என்று பெயர். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். சராசரி இப்படி உயரமாக இருக்கும் இடத்தில் ஏழை வீடு கண்ணுக்குத் தெரியாது. வழக்கமான அடையாளங்களும் இங்கே ஏமாற்றும்.

கான்கிரீட் கூரையைப் பார்த்து வீட்டை நீக்கிவிடுகிறார்கள். சுனாமிக் குடியிருப்பில் கூரை கான்கிரீட்தான், ஆனால் அந்த ஒற்றை வீட்டுக்குள் இப்போது இரண்டு, மூன்று குடும்பங்கள் இருக்கலாம். வளைகுடா போனவர் கட்டிய வீடு பெரியதாக இருக்கும், அதன் மேல் வட்டிக்கடனும் அதே அளவு இருக்கலாம். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் இயந்திரம் பொருத்திய மீன்பிடிப் படகு வைத்திருந்தால் ஏழைப் பட்டியலிலிருந்து தானாகவே நீக்கம். மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கும் மீனையெல்லாம் அவருக்கே கொடுத்தாக வேண்டிய ஃபைபர் வள்ளத்துக்காரரும் அந்தக் கணக்கில் வசதிக்காரர்தான்.

செய்முறை இப்படி. சிறு கூட்டத்தில் கோலப்பொடியால் தரையில் அந்தப் பகுதியின் படத்தை மக்களே வரையட்டும். பாதை, கிணறு, குளம், குழாய், பிறகு வீடுகள். பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுங்கள், நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். படம் முடிந்ததும், "இந்த வீடுகளில் ரொம்பக் கஷ்டத்தில் இருப்பது எது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஊர் சொல்லும் அளவுகோல்களை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஒற்றிக்கு இருக்கும் வீடு, சொந்தப் பாதை இல்லாத வீடு, பட்டா இல்லாதது, சம்பாதிக்கும் ஆள் படுத்துவிட்டது, வாரத் தவணைக் கடன் மூன்று இடத்தில், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாகக் கிடக்கும் முதியவர், எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும் குடும்பம்.

சத்தமாக, "இவர்கள் ஏழை" என்று பெயர் சொல்லிப் படிக்க வேண்டாம். மானம் போன வீடு அடுத்த முறை கதவைத் திறக்காது. வீட்டுக்கு எண் கொடுத்து எண்ணால் பேசுங்கள்.

பிறகு நீங்கள் வாங்கி வைத்த மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து படத்தில் இல்லாத வீடு, படத்தில் இருந்து பட்டியலில் இல்லாத வீடு, இரண்டுக்கும் நேரில் போய்ப் பாருங்கள். படத்திலேயே வராத வீடுகளும் உண்டு. செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள், சானல் புறம்போக்குக் குடிசைகள், வாடகைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்கள். "அவங்க நம்மூரு இல்ல" என்பார்கள். அந்தக் குடும்பங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், வாதம் செய்ய வேண்டாம்.

6. எந்த மாதம் கை வறண்டு போகிறது?

அடுத்து பன்னிரண்டு மாதங்களையும் கட்டம் போட்டு, எந்த மாதம் வேலை இருக்கிறது, எந்த மாதம் கடன் வாங்குகிறார்கள், எந்த மாதம் செலவு அதிகம் என்று கல்லோ கொட்டையோ வைக்கச் சொல்லுங்கள்.

இதைத் தொழில் வாரியாகத் தனித்தனியே செய்ய வேண்டும். காரணம் குமரியின் பஞ்ச மாதம் ஊருக்கு ஊர் மாறும். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரையின் ஜூன், ஜூலை. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் தடையில்லை, ஆனால் ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்தால் அவர்களும் கரையில்தான். பால்வெட்டு மழையில் நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. அதுபோக இலையுதிரும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு. எல்லார் வீட்டிலும் ஜூனில் பள்ளிச் செலவு.

ஊரக வேலைத் திட்டப் பணிகளை எப்போது திறக்க வேண்டும் என்பதை இந்த நாட்காட்டிதான் சொல்லும். எல்லார் கையிலும் வேலை இருக்கும் மாதத்தில் குளம் வெட்டத் தொடங்கி, கை வறண்ட மாதத்தில் மழையென்று மூடிவிட்டால் திட்டம் இருந்தும் இல்லாததுதான்.

7. கோரிக்கையைப் பிரிப்பது

"ரோடு வேணும்" என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறதா? மரச்சீனியையும் வாழைக்குலையையும் தலைச்சுமையாகக் கொண்டுபோவதால் வியாபாரி விலையைக் குறைக்கிறாரா? மழையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லையா? முதலாவதற்கு நூறு மீட்டர் நடைபாதையே போதுமாக இருக்கலாம். இரண்டாவதற்கு வண்டி வரும் பாதை வேண்டும். காரணம் தெரிந்தால்தான் அளவு தெரியும், செலவும் தெரியும்.

பிறகு எல்லாக் கோரிக்கைகளையும் நான்கு குவியலாக்குங்கள்.

முதல் குவியல், பணமே தேவைப்படாதது. விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதவர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர். ஏழை வீடுகளின் தேவையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும். இதற்குச் சபைக்காகக் காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே விண்ணப்பம் எழுதத் தொடங்குங்கள். இரண்டு பேருக்கு உதவித்தொகை வந்துவிட்டால் உங்கள் கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

இரண்டாவது ஊராட்சிப் பணத்தில் முடிவது. மூன்றாவது வேறு துறை செய்ய வேண்டியது: மீன்வளம், தோட்டக்கலை, கால்நடை, கூட்டுக் குடிநீர். நான்காவது ஒரு ஊராட்சியால் முடியாதது. அதற்கு 10ஆம் படியில் வருகிறேன்.

பேச்சிப்பாறை ஊராட்சியின் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு ஒரு குறிப்பு. "வனத்துறை விடாது" என்று சொல்லித் தச்சமலை, மோதிரமலை போன்ற இடங்களின் கோரிக்கையை ஓரம் கட்டிவிடுவார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஒவ்வொன்றும் 1 ஹெக்டேருக்குக் குறைவாகவும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மிகாமலும் இருக்க வேண்டும். கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஆகவே அந்தக் கோரிக்கைக்குத் தனித் தீர்மானம் எழுதுங்கள், பொதுப் பட்டியலில் கலக்காதீர்கள்.

8. பணத்தைச் சொல்லிவிட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்

எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் முன்னுரிமை கேட்டால் எல்லாமே முதலிடத்துக்கு வரும். மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், வீட்டு வரி போன்ற சொந்த வருவாய், இதில் சம்பளமும் மின்கட்டணமும் போக மிச்சம் என்ன என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கட்டுப்பாட்டோடு வரும் பணத்தைத் தனியாகக் காட்டுங்கள். 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று நிபந்தனை இருந்தது. இது தெரியாத ஊரில், "குடிநீருக்கு மட்டும் பணம் இருக்கு, எங்க பாதைக்கு இல்லையா?" என்று தேவையில்லாத சண்டை வரும்.

வரிசைப்படுத்த ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள், வேண்டிய பணியின் படத்தில் வைக்கட்டும். கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பெண்கள், ஆண்கள், மிகவும் ஏழை வீட்டார் என்று மூன்று சுற்றாக வைத்து, மூன்று முடிவையும் தனித்தனியே எழுதுங்கள். மொத்தமாகக் கூட்டினால் பெரிய குக்கிராமம் எப்போதும் ஜெயிக்கும், இருபது வீட்டுக் குடியிருப்பு எப்போதும் தோற்கும். மிகவும் ஏழை வீட்டாரின் முதல் தேர்வு எதுவோ, அது மொத்தக் கணக்கில் எங்கே வந்தாலும் திட்டத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே ஊரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். கொட்டை வைத்த பிறகு விதியை மாற்ற முடியாது.

9. கிராம சபை நாள்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். ஆகஸ்ட் 15 சபையில் வரைவை வாசியுங்கள், அக்டோபர் 2 சபையில் தீர்மானமாக்குங்கள். இடையில் வரும் ஆட்சேபங்களைத் தீர்க்க நேரம் கிடைக்கும்.

குறைவெண் வரம்பைப் பாருங்கள், அதாவது சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. குமரி ஊராட்சிகள் பெரியவை, பெரும்பாலும் 200 அல்லது 300 பேர் வேண்டும். சிறு கூட்டங்களுக்கு வந்தவர்களில் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பதினைந்து இருபது பேர் சேர்ந்து வந்தால் எண்ணிக்கை தானாக நிறையும். ஆள் வராமல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்குத் துணை போகாதீர்கள். ஆட்சேபிக்க நினைப்பவருக்கு அந்த ஒரு ஓட்டையே போதும்.

தீர்மானத்தை நீங்களே முன்பு எழுதி எடுத்துப் போங்கள்: இடம், சர்வே எண், நீளம், எத்தனை வீடு பயன்பெறும், எந்த நிதி, எந்த மாதம். "மேற்குப் பகுதியில் குடிநீர் வசதி செய்வது" என்று எழுதினால் அது எந்த வீட்டுக்கும் போய்ச் சேராது. பதிவேட்டில் ஏறிய பிறகு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து அதற்கு அப்புறம்தான்.

2025 ஜனவரியில் குமரி ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது நடந்ததுபோல், தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை உண்டு. அப்போது வட்டார வளர்ச்சி அலுவலரை முன்கூட்டியே பார்த்து வரைவைக் கொடுத்துவிடுங்கள். அவர் கையில் பல ஊராட்சிகள் இருக்கும், சபையன்று புதிதாக வாசிக்க நேரம் இருக்காது.

10. ஊராட்சி எல்லைக்கு வெளியே போகும் வேலைகள்

கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு), கடலோரப் பழைய நீர்வழியான ஏவிஎம் கால்வாயைத் தூர்வாருவது, சானலின் கடைமடைக்குத் தண்ணீர், மீன் விற்கும் பெண்களுக்குப் பேருந்து. இவையெல்லாம் நான்காம் குவியல். ஒரு ஊராட்சித் தீர்மானம் தனியாகப் போனால் கோப்பில் படுத்துக்கொள்ளும். கால்வாயோ சானலோ தொடும் எல்லா ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, நகல்களைச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது? நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாள் உண்டு. விவசாயம், மீன்பிடி சார்ந்தவற்றை அவற்றுக்கான தனிக் குறைதீர் கூட்டங்களில் கொடுப்பதே மேல், ஏனென்றால் துறை அதிகாரிகள் எதிரிலேயே இருப்பார்கள். ஊராட்சி, நகரத் திட்டங்களை ஒன்றாக இணைக்க வேண்டிய அமைப்பு மாவட்டத் திட்டக் குழு. மாவட்ட ஊராட்சித் தலைவர் அதன் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர், உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குழு இயங்கும் காலமானால் உங்கள் பகுதி உறுப்பினரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

11. தீர்மானத்துக்குப் பிறகு

திட்டம் இ-கிராம் ஸ்வராஜில் ஏறும்போது சபையில் நிறைவேறிய வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பணிகள் கீழே போவதும் காணாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான். மாறியிருந்தால் நிதியாண்டு தொடங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் பகுதியில் சிறு கூட்டம் நடந்ததோ அங்கேயே போய், அவர்கள் கேட்டது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள்.

தீர்மான நகல் கேட்டும் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். "சபையில் என்ன நடந்தது" என்று பொதுவாகக் கேட்காமல் தேதி, தீர்மான எண், பணியின் பெயர், மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். விண்ணப்பத்தை உங்கள் பெயரில் போடுங்கள், உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் வீட்டாரின் பெயரில் வேண்டாம்.